ஃபைனல் ஃபேன்டஸி 8: ஜங்ஷன் உடைந்த சிஸ்டமா, தப்பாகச் சொல்லிக்கொடுத்த சிஸ்டமா?

#1 பனங்கொட்டை

1999 பிப்ரவரியில் ஜப்பானில் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. அதே வருஷம் செப்டம்பரில் அமெரிக்கா. 2019 செப்டம்பரில் ரீமாஸ்டர். இத்தனை வருஷம் கழிந்தும் இந்தக் கேமைப் பற்றிய விமர்சனம் மூன்று புகாரைத் தாண்டவில்லை: டிரா அலுப்பு, எதிரியும் நம்மோடு லெவல் ஏறுகிறான், மந்திரம் போட்டால் நம் பலமே குறைகிறது. மூன்றையும் எண்களை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம் என்றுதான் இந்த இழை.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜங்ஷன், அதாவது சேர்த்த மந்திரத்தை எச்பி (உயிர்), ஸ்ட்ரெங்த் (அடிக்கும் பலம்) போன்ற ஸ்டாட்டுகளில் மாட்டிப் பலம் ஏற்றுவது, நல்ல சிஸ்டம். அதைச் சொல்லிக்கொடுத்த விதம்தான் கோளாறு. மந்திரம் சேர்க்க மூன்று வழி உண்டு: எதிரியிடமிருந்து உருவுவது (டிரா), பொருளை மந்திரமாக்குவது (ரிஃபைன்), கார்டைப் பொருளாக்கி அந்தப் பொருளை மந்திரமாக்குவது. இருப்பதிலேயே மோசமான முதல் வழியைத்தான் கேம் ஆரம்பத்தில் கையைப் பிடித்துப் பழக்குகிறது. மற்ற இரண்டும் மெனுவுக்குள் புதைந்து கிடக்கின்றன.

கணக்கு இதோ. ஒரு மந்திரத்தை ஒருவர் 100 வரை வைத்துக்கொள்ளலாம், ஆளுக்கு 32 வகை. டிராவில் ஒரு முறைக்கு அதிகபட்சம் 9 வரும். ஆரம்பத்தில் சராசரி 4 என்று வையுங்கள். மூன்று பேருக்கும் ஒரே ஒரு மந்திரத்தை நிரப்ப 75 முறை உருவ வேண்டும். ஏடிபி பட்டை (நம் முறை வரும்வரை காத்திருக்கும் நேரம்) நிரம்புவது, அனிமேஷன் எல்லாம் சேர்த்து முறைக்கு 10 விநாடி என்றாலும் பன்னிரண்டரை நிமிடம். ஒரே மந்திரத்துக்கு!

இதே கேமில் ஒரு டென்ட் 1,000 கில் (கேமின் காசு). சைரன் என்ற ஜிஎஃப் (நாம் மாட்டிக்கொள்ளும் துணை சக்தி) 'எல் மேக்-ஆர்எஃப்' என்ற ரிஃபைன் திறனைக் கற்றுவிட்டால் ஒரு டென்ட் 10 கியூராகா (குணமாக்கும் மந்திரம்) ஆகும். 10 டென்ட், 10,000 கில், மெனுவில் நாலு அழுத்து: 100 கியூராகா. அதை எச்பியில் மாட்டினால் 2,200 எச்பி கூடும். டோலெட் மிஷன் முடிந்து பாலம்ப் திரும்பியபின் கையில் காசு சேர்ந்ததும் செய்துவிடலாம். அந்தக் கட்டத்தில் நாயகன் ஸ்க்வாலின் சொந்த எச்பி சில நூறுதான்.

#2 மூணாங்கட்டை

ரிஃபைன் எல்லாம் டுடோரியல் மெனுவிலேயே இருக்கே ப்ரோ. படிக்காதது ஆடுறவன் தப்பு.

#3 பனங்கொட்டை

இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் டிரா வரும்போது ஆசிரியை க்விஸ்டிஸ் கூடவே வந்து வகுப்பெடுக்கிறார். டிரா பாயின்ட் ஊருக்கு ஊர் கண்ணெதிரே மின்னுகிறது. சண்டை மெனுவில் 'அட்டாக்'குக்கு அடுத்ததாக டிராவை மாட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். ரிஃபைனுக்கு அப்படி ஒரு காட்சியும் கிடையாது. ஜிஎஃப்பின் கற்கும் பட்டியலில் 'டி மேக்-ஆர்எஃப்' என்று ஒரு வரி, அவ்வளவுதான். அந்தச் சுருக்கெழுத்தைப் பார்த்து யாருக்கு என்ன புரியும்?

#4 கணக்குப்பிள்ளை

இரண்டாவது புகாரை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கேமில் ஒவ்வொரு லெவலுக்கும் தேவையான எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) ஏறக்குறைய 1,000 தான். 8லிருந்து 9 போகவும் அதே, 80லிருந்து 81 போகவும் அதே. எதிரிகளின் லெவல் உங்கள் குழுவின் சராசரியை ஒட்டி வரும். லெவல் ஏறினால் கிடைக்கும் ஸ்டாட் உயர்வோ அற்பம். அப்படியானால் பலம் எங்கிருந்து வருகிறது? சாதாரண அடியின் அடிப்படைச் சூத்திரத்தைப் பாருங்கள்:

(ஸ்ட்ரெங்த் × ஸ்ட்ரெங்த் ÷ 16) + ஸ்ட்ரெங்த்

இதற்குப் பிறகுதான் எதிரியின் வைட்டாலிட்டி கழிவதும் அடியின் வலு பெருகுவதும். ஸ்ட்ரெங்த் 10 என்றால் இந்த எண் 16. அதே ஆளுக்கு 100 டோர்னேடோ மாட்டினால் +48, ஆக 58. இப்போது எண் 268. பதினாறு மடங்குக்கு மேல். எத்தனை லெவல் ஏறினாலும் அந்த வேகத்தில் இது வராது, ஏனென்றால் வர்க்கமாக ஏறும் சூத்திரத்தில் மொத்தமாக 48 போடுவதும் சிறுகச் சிறுகப் போடுவதும் ஒன்றல்ல. அதற்குள் எதிரியும் வளர்ந்துவிடுகிறான்.

இன்னொரு வினை. இஃப்ரிட்டிடம் 'ஸ்ட்ரெங்த் போனஸ்' என்று ஒரு திறன் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு லெவல் ஏறினால் ஒவ்வொரு லெவலுக்கும் நிரந்தரமாக +1. கேக்டுவார் ஜிஎஃப்பிடம் இன்னும் பல போனஸ்கள் இருக்கின்றன, ஆனால் அது கிடைப்பது வெகு தாமதம். போனஸ் கைக்கு வருமுன் ஏறிய லெவல்களுக்கு அந்த +1 திரும்ப வராது. ஆக, எல்லா ஆர்பிஜியும் பழக்கிய ஒழுக்கத்தை, அதாவது ஆரம்பத்திலேயே சுற்றிச் சுற்றி அடித்து லெவல் ஏற்றுவதை, இந்தக் கேம் மட்டும் சத்தமில்லாமல் தண்டிக்கிறது. கோளாறு லெவல் ஸ்கேலிங்கில் இல்லை. அதை ஆடுகிறவனிடம் சொல்லாததில் இருக்கிறது.

#5 மூணாங்கட்டை

'தண்டிக்கிறது'ன்னு சொல்றது கொஞ்சம் ஓவர். யோசிச்சுப் பாருங்க:

ஒண்ணு, எதிரி லெவல் ஏறினா அவன்கிட்ட உருவுற மந்திரமும் மாறும். கீழ் லெவல்ல ஃபயர், நடுவுல ஃபைரா, மேல போனா ஃபைராகா. கீழே விழுற பொருளும் அப்படித்தான். லெவல் 10லயே உக்காந்திருந்தா நல்ல பொருள் கைக்கு வராது, அப்புறம் கார்டைத்தான் நம்பணும்.

ரெண்டு, பல பாஸ்களுக்கு (பெரிய எதிரிகளுக்கு) லெவல் உச்சவரம்பு இருக்கு. நீங்க ஏறிட்டே போனாலும் அவன் ஒரு இடத்துல நின்னுடுவான்.

மூணு, சம்பளம்! எதிரியை அடிச்சா காசு கிடையாது, ஸீட் (ஸ்க்வால் சேர்ற கூலிப்படை) ரேங்க்படி நடக்க நடக்கத்தான் காசு வரும். ரேங்க் 1க்கு 500 கில், உச்சமான ஏ ரேங்குக்கு 30,000. ரேங்க் ஏத்த மெனுவில் 30 எழுத்துத் தேர்வு இருக்கு. ஆனா ஸ்க்வால் லெவல் எத்தனையோ அத்தனாவது தேர்வு வரைதான் எழுத முடியும். லெவல் 7ல இருக்கிறவன் 8ஆம் தேர்வைத் தொட முடியாது. நீங்க சொல்ற 10 டென்ட்டுக்கு அந்தக் காசு எங்கேர்ந்து வருமாம்?

#6 கணக்குப்பிள்ளை

மூன்றாவது நியாயமான அடி. ஒத்துக்கொள்கிறேன். குறைந்த லெவல் ஆட்டத்துக்கு கேம் போட்டிருக்கும் ஒரே நிஜமான கடிவாளம் அந்தத் தேர்வுதான். ஆனால் அதுவும் 30இல் முடிந்துவிடுகிறது. 30க்கு மேல் ஏறச் சொல்லி எந்தத் தூண்டுதலும் இல்லை.

முதலாவதில் ஒரு திருத்தம். ஃபைராவை உருவித்தான் ஆக வேண்டுமென்பதில்லை. கெட்ஸகோட்டலின் 'மிட் மேக்-ஆர்எஃப்' இருந்தால் கீழ்ப்படி மந்திரத்தை நடுப்படி ஆக்கலாம்.

#7 சீட்டுக்கட்டு

இவ்வளவு நேரம் பேசியும் கார்டைப் பற்றி யாரும் உருப்படியாகச் சொல்லவில்லை. டிரிபிள் டிரையாட் பொழுதுபோக்குச் சீட்டாட்டம் என்று நினைத்தால் பாதி கேமைத் தவறவிடுகிறீர்கள். பொருளாதாரமே அதுதான்.

ஆரம்ப வரிசை: வகுப்பறையில் ஸ்க்வாலின் மேசைத் திரையில் கெட்ஸகோட்டலும் ஷிவாவும் கிடைக்கும் (பெயர்தான் ஷிவா, ஆள் பனிப்பெண்). இரண்டாம் மாடி நடையில் நிற்கும் ஆள் 7 கார்டு தருவார். பிறகு கெட்ஸகோட்டலுக்கு மட்டும் இந்த வரிசையில் கற்கக் கொடுங்கள்: 'கார்டு' 40 ஏபி (திறன் கற்கும் புள்ளி), 'டி மேக்-ஆர்எஃப்' 30, 'கார்டு மாட்' (கார்டைப் பொருளாக்குவது) 80. மொத்தம் 150. ஏபி பங்கு பிரிவதில்லை, மாட்டியிருக்கும் ஒவ்வொரு ஜிஎஃப்புக்கும் முழுதாகப் போகும். அதனால் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டே சுற்றுங்கள்.

'கார்டு' கட்டளையால் எதிரியைக் கார்டாக்கினால் எக்ஸ்பி கிடையாது, ஏபி உண்டு. குறைந்த லெவல் ஆட்டத்தின் ரகசியம் முழுக்க இந்த ஒரு வரிதான். எதிரியின் எச்பி குறையக் குறைய வெற்றி வாய்ப்பு ஏறும், ஆகவே முதலில் அடித்து நொறுக்காமல் அரை உயிராக்குங்கள். பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்: ஜங்ஷன் பலமாகிவிட்டால் ஒரே அடியில் எதிரி செத்துப்போவான், கார்டாக்க ஆள் இருக்காது. அப்போது ஸ்ட்ரெங்த் ஜங்ஷனை ஒருவரிடமிருந்து கழற்றிவிட்டு அவரை மட்டும் அடிக்கவிடுங்கள்.

பலன்: அபிஸ் வோர்ம் கார்டு 1 = விண்ட்மில் 1 = டோர்னேடோ 20. ஐந்து கார்டு போதும், கணக்குப்பிள்ளை சொன்ன அந்த +48 கைக்கு வந்துவிடும். மினோட்டார் கார்டு 1 = அடமன்டைன் 10. க்விஸ்டிஸ் கார்டு 1 = சமந்தா சோல் 3, ஒவ்வொன்றும் 60 டிரிபிள், மொத்தம் 180. டிரிபிளை 100 மாட்டினால் ஸ்பீடு +70. அதே இடத்தில் ஹேஸ்ட் மாட்டினால் 50 தான். டிரிபிளுக்கு டையாப்லோஸின் 'டைம் மேக்-ஆர்எஃப்' வேண்டும். க்விஸ்டிஸ் கார்டு முதல் டிஸ்க்கிலேயே பாலம்ப் கார்டனில் க்விஸ்டிஸ் ரசிகர் கூட்டத்திடம் ஆடி ஜெயிக்கக்கூடியது.

இன்னொன்று. ஸ்க்வாலின் உச்ச ஆயுதம் லயன்ஹார்ட்டுக்கு அடமன்டைன் 1, டிராகன் ஃபாங் 4, பல்ஸ் அம்மோ 12. பல்ஸ் அம்மோவுக்கு எல்னாய்ல் கார்டு 10 = எனர்ஜி கிரிஸ்டல் 1 = பல்ஸ் அம்மோ 10. எனவே 20 கார்டு. முதல் டிஸ்க்கில் கடைசி ஆயுதம்! இதை வடிவமைப்பின் தாராளம் என்பதா, ஓட்டை என்பதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்குத் தாராளம்.

#8 பனங்கொட்டை

எனக்கு ஓட்டை. ஆனால் அழகான ஓட்டை.

#9 கணக்குப்பிள்ளை

மூன்றாவது புகார் மிச்சம் இருக்கிறது: 'மந்திரம் போட்டால் பலம் குறைகிறது.' குறைகிறதுதான். எவ்வளவு என்று யாரும் கணக்குப் போடுவதில்லை.

100 கியூராகாவுக்கு 2,200 எச்பி. ஒரு முறை போட்டால் குறைவது 22. பத்து முறை போட்டாலும் 220. 3,000 எச்பி ஆளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

ஸ்ட்ரெங்த்தில் 100 ஃபைராகா +30. பத்து போட்டால் 27. அடிப்படை 20 என்று வையுங்கள்: 50க்கு சூத்திரம் 206, 47க்கு 185. பத்தில் ஒரு பங்கு போனது. ஆக, அடிக்கிற ஸ்டாட்டில் மாட்டியதைத் தொடாதீர்கள், எச்பியில் மாட்டியதைத் தாராளமாகச் செலவழியுங்கள்.

அதைவிட நல்ல வழி, உருவியதை இருப்பில் வைக்காமல் அப்போதே போடுவது. டிரா கொடுத்ததும் 'ஸ்டாக்', 'காஸ்ட்' என்று இரண்டு வரும். 'காஸ்ட்' கொடுத்தால் உங்கள் கையிருப்பில் ஒன்றுகூடக் குறையாது. எதிரியிடம் கியூரா இருந்தால் அவன் செலவிலேயே நீங்கள் குணமாகலாம். இந்த யோசனையை மட்டும் கேம் மையமாக வைத்திருந்தால் டிராவுக்கு இத்தனை கெட்ட பெயர் வந்திருக்காது.

ஆனால் இவ்வளவு சொல்லியும் மந்திரம் போடுவதில் பிரயோஜனம் குறைவு என்ற உண்மை மாறவில்லை. அதற்குக் காரணம் ஜங்ஷன் இல்லை, லிமிட் பிரேக் (எச்பி குறையும்போது வரும் பெரும் தாக்குதல்).

#10 மூணாங்கட்டை

அப்பாடா, இதுக்குத்தான் காத்திருந்தேன். கேமை உடைக்கிறது லிமிட்தான்.

எச்பி மூணில் ஒரு பங்குக்குக் கீழ போனா லிமிட் வர ஆரம்பிக்கும். எவ்வளவு கீழயோ அவ்வளவு அடிக்கடி. கூட இருக்கிறவங்க செத்துக் கிடந்தா இன்னும் சுலபம். வரலையா? முறையை அடுத்தவருக்குத் தள்ளிட்டு திரும்பி வந்தா கேம் மறுபடி பகடை உருட்டும். வர்ற வரைக்கும் தள்ளிட்டே இருக்கலாம். செலவு பூஜ்யம்.

ஸ்க்வாலோட ரென்சோகுகென் 4லேருந்து 8 அடி, ஒவ்வொண்ணுக்கும் சரியான நேரத்துல ஆர்1 அழுத்தணும். அதுக்கு மேல ஃபினிஷர் விழுந்தா தனி. ஒரு ஃபைராகா ஒரே அடி. யாரு மந்திரம் போடுவா?

விளைவு என்னன்னா, எச்பி எழுத்து மஞ்சளாக இருக்கிற ஆளைக் குணப்படுத்துறதுதான் இந்தக் கேமில் செய்யக்கூடிய பெரிய முட்டாள்தனம். மத்த கேமில் அது கடமை. 2,200 எச்பியை மாட்டிட்டு அதை நிரப்பாமல் வெச்சிருக்கிறதுதான் உத்தி! ஏடிபியை உருவாக்கின ஹிரோயுகி இட்டோதான் இதுக்கும் சண்டை வடிவமைப்பு. அவருக்கே இது தெரியாம இருந்திருக்குமா?

#11 யாழ்_தட்டச்சு

சிஸ்டத்தைப் பற்றியே எல்லாரும் கதைக்கிறியள். கதையும் சிஸ்டமும் ஒட்டுற இடம் ஒண்டே ஒண்டுதான் இருக்கு, அதைத்தான் மறுமதிப்பீடு செய்ய வேணும்.

ட்ராபியாவில வாற அனாதை இல்லக் காட்சியைச் சொல்லுறன். ரினோவாவைத் தவிர குழுவில எல்லாரும் சின்ன வயசில ஒரே இடத்தில வளர்ந்தவையள், ஆனா இர்வினைத் தவிர ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. ஏனெண்டா ஜிஎஃப் மூளையில இடம் பிடிக்க நினைவு அழியுது, இர்வின் குழுவில சேரும்வரை ஜிஎஃப் பாவிச்சதில்லை. இதை 'வசதிக்காக ஒட்டின திருப்பம்' எண்டு கனபேர் சிரிக்கினம். எனக்கு அந்தச் சிரிப்பு சரியாப் படேல்லை. நீங்கள் முதல் நிமிசத்திலயிருந்து பலத்துக்காக மாட்டிக்கொண்டு வந்த அதே பொருள்தான் விலை கேக்குது எண்ட யோசனை, கதை எழுதின நோஜிமாவின்ர யோசனைகளிலேயே துணிச்சலானது.

பிழை அதுக்குப் பிறகுதான். அந்தக் காட்சி முடிஞ்ச மறுநிமிசமே மெனுவைத் திறந்து இர்வினுக்கு மூண்டு ஜிஎஃப் மாட்டலாம். ஒரு வசனம்கூட மாறாது. ஒரு எண்கூடக் குறையாது. 'எண்டாலும் நாங்கள் பாவிப்பம்' எண்டு பாத்திரங்கள் தீர்மானிக்கினம், சரி, அந்தத் தீர்மானம் நியாயமானதுதான். ஆனா விளையாடுறவருக்கு அதால ஒரு செலவும் இல்லை. லெவல் ஏறினா எதிரியையும் ஏத்தத் தெரிஞ்ச கேமுக்கு, நினைவு இழப்பை ஒரு ஸ்டாட்டிலயாவது காட்டத் தெரியாமப் போச்சு.

அல்டிமீசியாவைப் பற்றியும் சொல்லலாம், மூண்டாம் டிஸ்க் வரை பேர்கூட ஒழுங்கா அடிபடாத வில்லி. ஆனா அவவின்ர கோட்டை நல்ல வடிவமைப்பு. உள்ளுக்குப் போனதும் ஐட்டம், மேஜிக், ஜிஎஃப், டிரா, லிமிட், உயிர்ப்பித்தல், சேவ் உட்பட எட்டுத் திறனையும் பூட்டிவிடுவா. எட்டு பாஸ், ஒவ்வொருத்தரை வெண்டதும் ஒண்டைத் திறக்கலாம். எதை முதல்ல திறக்கிறது எண்டு யோசிக்கிற நேரம்தான், இந்த சிஸ்டத்தில எது உண்மையா முக்கியம் எண்டு விளங்கும்.

#12 மூணாங்கட்டை

லிமிட் முதல்ல. யோசிக்கவே வேணாம்.

#13 யாழ்_தட்டச்சு

அதுதானே உங்கட வாதத்துக்கே சாட்சி.

#14 தயிர்வடை

வணக்கம் எல்லாருக்கும். ரீமாஸ்டரில் முதல் முறையாக ஆரம்பிக்கிறேன். மேலே உள்ளதெல்லாம் படித்துத் தலை சுற்றுகிறது. முதல் டிஸ்க்கில் தவறவிடக்கூடாதது என்ன? 3 மடங்கு வேகத்தைப் போட்டு ஆடலாமா, கெட்டுப்போகுமா?

#15 சீட்டுக்கட்டு

வாங்க. தவறவிடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில்.

டோலெட் கோபுர உச்சியில் எல்வோரெட் என்ற பாஸ். அவனிடமிருந்து சைரனை உருவ வேண்டும். சண்டை சூட்டில் முதல் நிமிடத்திலேயே அவனைக் கொன்றுவிட்டு சைரனை விடுகிறவர்கள் ஏராளம். சைரன் இல்லையென்றால் டென்ட் வித்தையும் இல்லை. பாஸ் யாராக இருந்தாலும் முதல் காரியம் டிரா பட்டியலைத் திறந்து பார்ப்பது. விட்டுவிட்டால் உலகம் முடிந்துவிடாது, கடைசிக் கோட்டையில் ட்ரை-பாயின்ட்டிடம் அதே சைரன் இருக்கும். மற்ற பாஸ்களிடம் விட்ட ஜிஎஃப்களும் அப்படியே அந்தக் கோட்டையில் காத்திருக்கும். ஆனால் அப்போது கிடைத்து என்ன பயன்?

அடுத்தது, டிம்பர் ஊருக்குக் கிளம்பும் முன் கார்டன் தலைவர் சிட் தரும் மேஜிக்கல் லாம்ப். அதைப் பயன்படுத்தினால் டையாப்லோஸோடு சண்டை. முன்பே சேவ் செய்யுங்கள். அவன் கிராவிட்டி மந்திரம் எச்பியைப் பங்கு பங்காகத்தான் குறைக்கும், அதனால் ஆள் சாகமாட்டான். கொல்வது அவன் கை அடி. ப்ளைண்ட் போட்டுவிட்டால் அந்த அடி பெரும்பாலும் தவறும். எச்பி குறைந்த நிலையில் உங்களுக்கு லிமிட் வந்துகொண்டே இருக்கும். அவனுடைய மந்திரமே உங்களுக்கு உதவி.

மூன்றாவது, கார்டு விதிகள். பாலம்பில் 'ஓப்பன்' (எதிராளி கார்டும் தெரியும்) மட்டும்தான், சுகமாக ஆடலாம். டோலெட்டில் 'ரேண்டம்' இருக்கிறது: உங்கள் ஐந்து கார்டை கேமே எடுத்துவிடும், நல்ல கார்டு இருந்தும் பயனில்லை. ஒரு ஊரில் ஆடிவிட்டு அடுத்த ஊரில் ஆடினால் விதி கூடவே தொற்றிக்கொண்டு வரும். எதிராளி இரண்டு ஊர் விதியையும் கலந்து ஆடலாமா என்று கேட்டால் அதுதான் எச்சரிக்கை மணி. புது ஊரில் சீட்டில் கை வைக்குமுன் சேவ் செய்துகொள்ளுங்கள். 'ரேண்டம்' பாலம்ப்புக்கு வந்து ஒட்டிக்கொண்டால் நிம்மதி போய்விடும்.

#16 பனங்கொட்டை

ரீமாஸ்டர் பற்றி: 3 மடங்கு வேகம் தாராளமாகப் போடுங்கள். முதல் பதிவில் நான் சொன்ன பன்னிரண்டரை நிமிடம் நாலு நிமிடமாகிவிடும். ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடும் ஈடன் ஜிஎஃப்பின் அனிமேஷனும் தாங்கக்கூடியதாகும். ஆனால் சண்டையில் எச்பி, ஏடிபி, லிமிட் மூன்றையும் நிரப்பிவைக்கும் உதவியைத் தொடாதீர்கள், தொட்டால் இங்கே பேசிய எதற்கும் அர்த்தமில்லை. ரேண்டம் சண்டையை நிறுத்தும் வசதியும் உண்டு. ஏபி சேர்ந்தபின் வழிநடைக்கு அது நல்லது.

படத்தில் ஒரு குறை: ஆட்களைப் புதிதாகச் செய்துவிட்டு பின்னணியைப் பழையபடியே விட்டிருக்கிறார்கள். மங்கலான சுவருக்கு முன்னால் பளிச்சென்று ஸ்க்வால் நிற்பான். கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்.

இரண்டாம் முறை ஆடுகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாட்டு விதி சொல்கிறேன். 'கார்டு' கட்டளை கூடாது. முறையைத் தள்ளி லிமிட் வரவழைப்பது கூடாது. ஒரு சண்டையில் ஒரு எதிரியிடம் மூன்று முறைக்கு மேல் ஸ்டாக் கூடாது, காஸ்ட்டுக்கு வரம்பில்லை. இந்த மூன்றை மட்டும் வைத்தால் ஜங்ஷன் எவ்வளவு இறுக்கமான சிஸ்டம் என்பது தெரியும். அப்போது ஒவ்வொரு டென்ட்டும் ஒரு முடிவு.

#17 மூணாங்கட்டை

விதி 2 இருந்தா நான் வரல.

#18 தயிர்வடை

நன்றி, எல்வோரெட்டைக் குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒரு கேள்வி: ஒமேகா வெப்பன்தான் பெரிய பாஸ் என்கிறார்கள். அதற்காவது லெவல் 100 வேண்டுமா?

#19 கணக்குப்பிள்ளை

ஒமேகாவுக்கு 100 தான் மோசமான லெவல். அவன் முதல் வேலையாகப் போடுவது 'லெவல் 5 டெத்'. லெவல் ஐந்தால் மீதியின்றி வகுபட்டால் ஆள் காலி. மூவரும் 100 என்றால் சண்டை தொடங்கிய முறையிலேயே முடிந்துவிடும். இரண்டு வழி: டெத் மந்திரம் 100ஐ மூவருக்கும் ஸ்டேட்டஸ் டிஃபென்ஸில் மாட்டுவது, இல்லையேல் மூவரையும் 99 போன்ற எண்ணில் நிறுத்துவது.

அதைத் தாண்டினால் மெட்டியோர், பிறகு மெகிடோ ஃப்ளேம். அது ஒவ்வொருவருக்கும் சரியாக 9,998. எச்பி 9,999 நிரம்பியிருந்தால் 1 எச்பியோடு நிற்பீர்கள், ஒன்று குறைந்தாலும் விழுவீர்கள். அவனுக்கு எச்பி பதினொரு லட்சத்துக்கு மேல்.

#20 மூணாங்கட்டை

1 எச்பியோட நின்னா லிமிட் வரும்.